ஹிஸ்பானிக் மக்களைச் சர்க்கரைப் பரிசோதனைக்கு வரவழைப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் சமூக மருத்துவ மையங்களிலும் வாரக்கடைசி முகாம்களிலும் ஹிஸ்பானிக் மக்களிடையே வேலை செய்யும் தமிழ் மருத்துவர்கள், செவிலியர்கள், தன்னார்வலர்களுக்காக இந்தப் பக்கம். பெரும்பாலோர் கேட்பது ‘ஆட்களை எப்படி வரவைப்பது’ என்றுதான். வரவைப்பது பாதி வேலை. சோதனை செய்துகொண்டவர் கைக்கு முடிவு போய்ச் சேராமல் நின்றுவிடுவதே இதில் நடக்கும் பெரிய ஓட்டை. அதனால் பல பதில்கள் அங்கேதான் போய் முடியும்.

‘ஹிஸ்பானிக்’ என்றால் யார்?

மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, டொமினிக்கன் குடியரசு, நடு அமெரிக்கா, தென் அமெரிக்கா என ஸ்பானிஷ் வழங்கும் இடங்களில் வேர் உள்ளவர்களை அமெரிக்க அரசு ‘ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ’ என்று ஒரே கட்டத்தில் பதிகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கில் இவர்கள் 6.21 கோடிப் பேர். வெள்ளையர், கறுப்பர், பூர்வகுடியினர், கலப்பினத்தவர் எல்லாரும் இதற்குள் உண்டு. நம்மையும் பஞ்சாபிகளையும் ‘தெற்காசியர்’ என்று ஒரே பையில் போடுவது போலத்தான். அவர்கள் தங்களுக்குள் ‘மெக்சிகானோ’, ‘டொமினிக்கானோ’ என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். அழைப்பிதழ் அச்சடிக்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

இவர்களுக்கு மட்டும் ஏன் தனி அக்கறை?

அமெரிக்காவில் பெரியவர் ஒருவருக்கு வாழ்நாளில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு சுமார் 40 விழுக்காடு. ஹிஸ்பானிக் பெரியவருக்கு 50 விழுக்காட்டுக்கும் மேல் என்பது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்கு. வருவதும் இளம் வயதிலேயே வருகிறது.

நியூயார்க்கின் பிராங்க்ஸ், சிகாகோ, மயாமி, சான் டியேகோ ஆகிய நான்கு இடங்களில் 2008 முதல் 2011 வரை 16,000க்கும் மேற்பட்ட ஹிஸ்பானிக் பெரியவர்களைச் சேர்த்து நடந்த ஆய்வு, அந்த ஒரே பைக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்று காட்டியது. தென் அமெரிக்க வழியினரில் 10.2 விழுக்காடு, கியூபா வழியினரில் 13.4, மெக்சிகோ வழியினரில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அதைவிட நமக்கு வேண்டிய எண் வேறு: நோய் இருந்தவர்களில் 58.7 விழுக்காட்டினருக்குத்தான் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியும். பத்துப் பேரில் நாலு பேர் தெரியாமலே நடமாடிக்கொண்டிருந்தார்கள்.

மரபணுவுக்கும் இதில் பங்குண்டு. எஸ்எல்சி16ஏ11 என்ற மரபணுவின் ஒரு வடிவம் அமெரிக்கப் பூர்வகுடி வழியில் வந்தவர்களிடம் பரவலாகவும் ஐரோப்பியரிடம் அரிதாகவும் இருப்பதையும், அது நோய் வாய்ப்பைக் கூட்டுவதையும் 2014இல் கண்டறிந்தார்கள். இதைப் பொதுமக்களிடம் பேசத் தேவையில்லை என்பது எங்கள் கருத்து. ‘எங்க ரத்தத்திலேயே இருக்கு, சோதனை பண்ணி என்ன ஆகப்போகுது’ என்று ஏற்கெனவே சொல்பவர்களுக்கு அது இன்னொரு சாக்காகிவிடும்.

எந்த வயதில் தொடங்க வேண்டும்?

அமெரிக்கத் தடுப்புச் சேவைகள் பணிக்குழு 2021இல் சொன்னது: 35 முதல் 70 வயது வரை, உடல் நிறைக் குறியீடு 25 அல்லது அதற்கு மேல் உள்ள எல்லாரையும் சோதிக்க வேண்டும். முன்பு அது 40இல் தொடங்கியது. ஹிஸ்பானிக் உள்ளிட்ட, நோய் அதிகம் காணப்படும் மக்களிடையே 35க்கு முன்பே தொடங்குவதைக் கருதலாம் என்றும் அதே பரிந்துரை சொல்கிறது. முடிவு சரியாக இருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை போதும். முன்நிலை, அதாவது சர்க்கரை கூடியிருந்தும் இன்னும் நோயாகாத நிலை, என்று வந்தால் ஆண்டுக்கு ஒரு முறை.

போகிற போக்கில் ஒன்று: ஆசிய வழியினருக்கு அந்தக் குறியீடு 25 இல்லை, 23. முகாமில் வேலை பார்க்கும் தமிழர்கள் தங்கள் எடையையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளலாம்.

எந்தச் சோதனை நல்லது? எண்களை எப்படிப் படிப்பது?

மூன்று உண்டு. குறைந்தது 8 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து எடுக்கும் குளுக்கோஸ்: 100க்குக் கீழ் சரி, 100 முதல் 125 வரை முன்நிலை, 126 முதல் நோய். கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியை விழுக்காட்டில் காட்டும் ஹெச்பிஏ1சி: 5.7க்குக் கீழ் சரி, 5.7 முதல் 6.4 வரை முன்நிலை, 6.5 முதல் நோய். 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து எடுப்பது: 140க்குக் கீழ் சரி, 199 வரை முன்நிலை, 200 முதல் நோய். குளுக்கோஸ் எண்கள் எல்லாம் டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. தாகம், அடிக்கடி சிறுநீர், எடைக் குறைவு போன்ற அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே ஒரு எண்ணை வைத்து நோய் என்று முத்திரை குத்தக் கூடாது. இன்னொரு சோதனையும் அதையே சொல்ல வேண்டும்.

இந்த மக்களுக்கு ஹெச்பிஏ1சி வசதி. காரணம் எளிது: வெறும் வயிறு தேவையில்லை. விடியற்காலை நாலரை மணிக்குக் கட்டட வேலைக்கோ பண்ணைக்கோ கிளம்புகிறவரிடம் ‘எட்டு மணிக்குச் சாப்பிடாமல் வாருங்கள்’ என்றால் அவர் ஒரு நாள் கூலியை விட வேண்டும். வந்திருக்கும்போதே கையிலிருந்து ரத்தம் எடுத்துவிடுங்கள்.

ஹெச்பிஏ1சி ஏமாற்றுமா?

ஏமாற்றும். சிவப்பணுவின் ஆயுளை மாற்றும் எதுவும் அந்த எண்ணை மாற்றும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எண் ஏறித் தெரியும். மாதவிடாயில் அதிக ரத்தம் போகும் பெண்களிடம் இதைப் பார்க்கலாம். அண்மையில் ரத்தம் ஏற்றியவர், டயாலிசிஸில் இருப்பவர், கர்ப்பிணி ஆகியோருக்கும் இந்த எண்ணை நம்ப முடியாது. ஆப்பிரிக்க வழியும் கலந்த டொமினிக்கன், போர்ட்டோ ரிக்கோ மக்களிடம் அரிவாள் அணுக் கூறு, அதாவது சிவப்பணுவின் ஹீமோகுளோபினில் பிறவியிலேயே வரும் ஒரு மாற்றம், இருக்கலாம். ஆய்வகத்தின் முறை அதனால் பாதிக்கப்படுமா என்று ஒரு முறை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் வெறும் வயிற்றுக் குளுக்கோஸுக்குப் போய்விடுவதே சரி.

குளுக்கோஸிலும் ஒரு கண்ணி உண்டு. எடுத்த ரத்தத்தைப் பிரிக்காமல் வைத்தால் அணுக்கள் குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும்; மணிக்கு 5 முதல் 7 விழுக்காடு வரை குறையலாம். முகாமில் காலையில் எடுத்த குழாய் மாலையில் ஆய்வகம் போனால், 130 என்று வரவேண்டியவர் ‘சரி’ என்று வீட்டுக்குப் போய்விடுவார்.

அழைத்தாலும் வருவதில்லையே. அக்கறை இல்லையா?

அக்கறை இல்லாதவர்கள் இல்லை. வேலைக்குப் போனால்தான் கூலி. மருத்துவ விடுப்பு என்ற ஒன்றே பலருக்குக் கிடையாது. காப்பீடு இல்லாதோர் விகிதம் வெள்ளையரைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். பில் எவ்வளவு வரும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குடியேற்ற அதிகாரிகள் பற்றிய பயம். கடைசியாக, ‘கண்டுபிடித்தால் வைத்தியம் பார்க்கப் பணம் எங்கே’ என்ற கேள்வி. இது அறியாமை இல்லை, கணக்கு. அந்தக் கணக்குக்குப் பதில் வைத்துக்கொண்டு கூப்பிட்டால் வருவார்கள்.

என்ன சொற்களில் பேச வேண்டும்?

மருத்துவக் கையேடுகளில் உள்ள ‘தமிசாஹே’ என்ற ஸ்பானிஷ் கலைச்சொல்லை விடுங்கள். தெருவில் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ‘ப்ருவேபா தெ அசூகார்’, அதாவது சர்க்கரைச் சோதனை, எல்லாருக்கும் புரியும். நம் ஊரில் ‘எனக்குச் சுகர் இருக்கு’ என்பது போலவே அவர்களும் நோயைச் சர்க்கரை என்றே சொல்வார்கள். ‘அசூகார்’ என்ற சொல்லே சமஸ்கிருத ‘சர்க்கரா’விலிருந்து பாரசீகம், அரபு வழியாக ஸ்பெயினுக்குப் போனதுதான், நம் ‘சர்க்கரை’க்கு உடன்பிறப்பு. பேச்சைத் தொடங்க இது ஒன்றே போதும்.

பெரியவர்களிடம் ‘தூ’ என்று ஒருமையில் பேசக் கூடாது. ‘உஸ்தெத்’, அதாவது ‘நீங்கள்’. பெயரை மட்டும் சொல்லி அழைக்காமல் ‘சென்யோரா’, ‘தோன்’ என்று மரியாதை சேர்த்துக் கூப்பிடுங்கள். முதல் இரண்டு நிமிடம் நோயைப் பற்றிப் பேசவே வேண்டாம். எந்த ஊர், பிள்ளைகள் எத்தனை, அம்மா எப்படி இருக்கிறார். ‘அம்மாவுக்கும் சர்க்கரைதான்’ என்று அவரே சொல்லும் இடத்தில் சோதனைப் பேச்சு தானாக வரும். அப்போது, ‘உங்களுக்கும் வந்துவிடும்’ என்று மிரட்டாமல், ‘அம்மாவுக்குத் தெரிய வந்தபோது எவ்வளவு முற்றியிருந்தது? உங்களுக்கு அதற்கு முன்னாலேயே தெரிந்துகொள்ளலாம்’ என்று சொல்லிப் பாருங்கள். கால் எடுப்பது, கண் போவது என்று படம் போட்டுக் காட்டும் சுவரொட்டியைக் கழற்றிவிடுங்கள். அதைப் பார்த்தவர் வாசலோடு திரும்பிப் போவார்.

எனக்கு ஸ்பானிஷ் வராது. கூட வந்த பிள்ளையை மொழிபெயர்க்கச் சொல்லலாமா?

கூடாது. அவசர நிலை தவிர, குழந்தைகளை மொழிபெயர்ப்பாளராக வைப்பதை அமெரிக்கச் சட்டமே தடுக்கிறது. பத்து வயதுப் பெண்ணின் வாயால் ‘உன் அப்பாவுக்கு நோய்’ என்று சொல்ல வைப்பது முறையும் இல்லை. தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது.

ஸ்பானிஷே தெரியாதவர்களும் வருவார்கள். தெற்கு மெக்சிகோவின் வஹாகாவிலிருந்து வந்தவர் மிஷ்தெக்கோ, திரிக்கி பேசலாம். குவாத்தமாலாவிலிருந்து வந்தவர் மாம், கிச்சே பேசலாம். எல்லாவற்றுக்கும் ‘சி, சி’ என்று தலையாட்டினால் புரிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ‘எந்த மொழியில் பேசினால் உங்களுக்கு வசதி’ என்பது பதிவுப் படிவத்தின் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

‘பிரமோட்டோரா’ என்பவர் யார்? அவசியமா?

அதே தெருவில் வாழும், அதே மொழி பேசும், பயிற்சி பெற்ற சமூக நலப் பணியாளர். நம் ஊர் கிராமச் சுகாதாரச் செவிலியரைப் போல என்று நினைத்தால் கொஞ்சம் தவறும். இவர் அரசு ஆள் இல்லை, அக்கம்பக்கத்துக்காரர். அதில்தான் அவர் பலமே இருக்கிறது. ‘கான்ஃபியான்ஸா’ என்று அவர்கள் சொல்லும் நம்பிக்கை, வெள்ளைக் கோட்டுக்கு எளிதில் கிடைக்காது, இவருக்குக் கிடைக்கும். அவருக்குச் சம்பளம் கொடுங்கள். தன்னார்வம் என்ற பெயரில் இலவசமாக வேலை வாங்கும் திட்டங்கள் ஆறு மாதத்தில் ஆளில்லாமல் நின்றுபோவதில் வியப்பில்லை. ஆட்களை அழைத்து வருவதோடு அவர் வேலையை நிறுத்திவிடாமல், முடிவு சொல்லும் வரை அவர் பொறுப்பில் விடுங்கள்.

எங்கே, எந்த நேரத்தில் நடத்தலாம்?

ஸ்பானிஷ் திருப்பலி முடிந்த பின் தேவாலய மண்டபம், ஞாயிற்றுக்கிழமை ‘புல்கா’ எனும் பழஞ்சாமான் சந்தை, கால்பந்துப் போட்டி மைதானம், காசு போட்டுத் துணி துவைக்கும் கடை. துவைக்கும் கடையை லேசாக எண்ண வேண்டாம். இயந்திரம் ஓடி முடியும் வரை ஆள் நகர மாட்டார். மெக்சிகோ துணைத்தூதரகங்களில் ‘வென்தானியா தெ சலூத்’ எனும் உடல்நல முகப்பு இருக்கிறது. பாஸ்போர்ட், அடையாள அட்டைக்குக் காத்திருப்பவர்களுக்கு அங்கேயே சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள். சொந்த நாட்டின் அலுவலகம் என்பதால் பயமில்லாமல் வருகிறார்கள். அக்டோபர் வாக்கில் வரும் இருநாட்டு நலவாழ்வு வாரமும் நல்ல வாய்ப்பு.

மருத்துவ மையமாக இருந்தால் மாலை 5க்குப் பிறகும் சனிக்கிழமையும் திறந்து வையுங்கள். இதைச் செய்யாமல் மற்றதை எல்லாம் செய்து பயனில்லை.

முகாமில் விரல் குத்திப் பார்க்கும்போது எங்கே தவறுகிறது?

முதலில் கை. ஸ்ட்ராபெரி பறித்துவிட்டு நேராக வருபவரின் விரலில் பழச்சாறு ஒட்டியிருக்கும். கருவி அதையும் சேர்த்து அளந்து 200, 300 என்று காட்டி ஆளைப் பதற வைத்துவிடும். ஆல்கஹால் பஞ்சால் துடைப்பது போதாது, சர்க்கரை அதில் போகாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி நன்றாகத் துடைக்கச் சொல்லுங்கள். குழாய் இல்லாத இடமென்றால் தண்ணீர்க் கேன் கொண்டு போங்கள்.

பண்ணைக்காரர், கட்டடத் தொழிலாளர் கைகளில் தோல் காய்ப்பேறியிருக்கும். நடுவிரல் அல்லது மோதிர விரலின் பக்கவாட்டில், காய்ப்பு இல்லாத இடத்தில் குத்துங்கள். கையைக் கீழே தொங்கவிட்டுச் சூடு பறக்கத் தேய்த்தால் ரத்தம் வரும். விரலை அழுத்திப் பிழிந்தால் திசுநீர் கலந்து எண் கெடும். முதல் துளியைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுங்கள். ஊசி ஒருவருக்கு ஒன்று, குத்தியதும் தானே பூட்டிக்கொள்ளும் வகை மட்டும். பேனா போன்ற கருவியில் ஊசியை மாற்றி மாற்றிப் பலருக்குக் குத்துவது ஹெபடைட்டிஸ் பி பரவும் வழி. கையுறை ஆளுக்கு ஆள் மாற வேண்டும், கருவியை ஆளுக்கு ஆள் துடைக்க வேண்டும். டெக்சஸ் வெயிலில் காருக்குள் கிடந்த சோதனைப் பட்டைகளைக் குப்பையில் போடுங்கள்.

அதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. சாப்பிட்டு வந்தவருக்கு 128 காட்டியதும் ‘உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிடுவது. விரல் சோதனை நோயை உறுதி செய்யாது. இல்லை என்றும் சொல்லாது. அதனால் முகாமிலேயே ஹெச்பிஏ1சிக்கு ரத்தம் எடுக்க ஏற்பாடு இல்லையென்றால், விரல் குத்தும் மேசையைப் போடாமலே இருக்கலாம் என்பது எங்கள் அழுத்தமான கருத்து. எண்ணுக்குப் பதில் ‘ஹை’ என்று வந்தாலோ, எண் மிக உயர்ந்து வாந்தி, மூச்சிரைப்பு, தடுமாற்றம் இருந்தாலோ, அவசரச் சிகிச்சைக்கு அனுப்புங்கள்.

செலவு எவ்வளவு ஆகும் என்று கேட்டால்?

‘கவலைப்படாதீங்க’ என்பது பதில் இல்லை. காப்பீடு உள்ளவருக்கு, பணிக்குழுவின் பரிந்துரைக்குள் வரும் சோதனையைப் பெரும்பாலான தனியார் திட்டங்கள் கட்டணமின்றித் தர வேண்டும். ஆனால் மருத்துவர் எழுதும் குறியீட்டைப் பொறுத்தது அது. சோதனைக்கான இசட்13.1 என்ற குறியீட்டுக்குப் பதில் ‘களைப்பு’ என்று எழுதினால் அது நோய் ஆராயும் பரிசோதனையாகி பில் வீட்டுக்கு வரும். ஒரு பில் வந்தால் அந்தத் தெருவே அடுத்த முறை வராது. உறுதி செய்யும் இரண்டாவது சோதனைக்குக் காசு ஆகலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். 65 தாண்டி மெடிகேர் எனும் அரசுக் காப்பீடு உள்ளவர்களில் நோய் வாய்ப்புக் கூடியவர்களுக்கு ஆண்டில் இரண்டு முறை வரை இலவசம். 2024 முதல் ஹெச்பிஏ1சியும் அதில் சேர்ந்துவிட்டது.

காப்பீடு இல்லாதவரைக் கூட்டாட்சி நிதி பெறும் சமூக மருத்துவ மையத்துக்கு அனுப்புங்கள். வருமானத்துக்கேற்ற படிக்கட்டணம் அங்கே உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவருக்கு முழுத் தள்ளுபடி அல்லது பெயருக்கு ஒரு கட்டணம், அதன் இரண்டு மடங்கு வருமானம் வரை பகுதித் தள்ளுபடி.

குடியேற்ற பயத்துக்கு என்ன பதில் சொல்வது?

நம்மால் காப்பாற்ற முடியாத வாக்குறுதி எதையும் தரக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, தேவாலயம் போன்ற இடங்களில் குடியேற்ற நடவடிக்கையைக் கட்டுப்படுத்தி வைத்திருந்த வழிகாட்டுதல் 2025 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. ‘இங்கே யாரும் வர மாட்டார்கள்’ என்று அச்சடித்த பழைய நோட்டீஸ் இருந்தால் எடுத்துவிடுங்கள். புளோரிடாவிலும் டெக்சஸிலும் மருத்துவமனைகள் குடியேற்ற நிலையைக் கேட்கச் சொல்லும் விதிகள் உள்ளன. ஆனால் பதில் சொல்லாமல் இருக்க நோயாளிக்கு உரிமை உண்டு, அதனால் சிகிச்சை மறுக்கப்படாது.

நீங்கள் செய்யக்கூடியது இதுதான்: சோதனைக்குத் தேவையில்லாத எதையும் கேட்காதீர்கள், எழுதாதீர்கள். பெயர், பிறந்த தேதி, தொடர்பு எண் போதும். அரசு உதவி பெற்றால் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமைக்குப் (கிரீன் கார்டு) பாதகமா என்று கேட்டால், விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், சட்ட உதவி மையத்தின் எண்ணைக் கையில் கொடுங்கள். முகாம் மேசையில் உட்கார்ந்து வக்கீல் வேலை பார்க்க வேண்டாம்.

ஆண்கள் வரவே மாட்டேன் என்கிறார்களே?

மனைவி வழியாகச் சொல்லுங்கள். அல்லது மேஸ்திரி வழியாக. ‘வேலை செய்ய உடம்பு வேண்டும்’ என்ற பேச்சு எடுபடும். ஆண்மைக் குறைவுக்கும் சர்க்கரைக்கும் உள்ள தொடர்பை ஓர் ஆண் பணியாளர் தனியாகச் சொன்னால் இன்னும் எடுபடும்.

கர்ப்பகாலத்தில் சர்க்கரை இருந்தவர்கள்?

இவர்கள்தான் முதலில் தேடிப் பிடிக்க வேண்டியவர்கள். இவர்களில் பாதிப் பேருக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நோய் வருகிறது. பிரசவம் ஆன 4 முதல் 12 வாரத்துக்குள் 75 கிராம் குளுக்கோஸ் சோதனை, பிறகு 1 முதல் 3 ஆண்டுக்கு ஒரு முறை வாழ்நாள் முழுதும். பிரசவத்தோடு காப்பீடு முடிந்துபோனவர் இதற்காகத் தானாக வருவது அரிது. குழந்தையின் தடுப்பூசிக்கு வரும் நாளே சரியான நாள்.

‘சூஸ்தோ’வால்தான் வந்தது, நோப்பால் சாப்பிட்டால் போய்விடும் என்கிறார்கள். மறுக்கலாமா?

சூஸ்தோ என்றால் திடீர் அதிர்ச்சி, பயம். விபத்து, சாவுச் செய்தி, எல்லை தாண்டிய பயணம் ஆகியவற்றுக்குப் பிறகு சர்க்கரை வந்தது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். மறுத்து வாதிட்டால் பேச்சு அங்கேயே முடிந்தது. மன அழுத்தம் சர்க்கரையை ஏற்றும் என்பது உண்மைதானே. ‘அந்தச் சம்பவத்துக்கு அப்புறம் பார்த்தீங்களா? இப்போ எவ்வளவு இருக்குன்னு பார்ப்போம்’ என்று தொடருங்கள். நோப்பால் எனும் சப்பாத்திக்கள்ளி மடல் நார்ச்சத்துள்ள நல்ல காய்தான். சாப்பிடட்டும்; மாத்திரைக்குப் பதிலாக இல்லை, மாத்திரையோடு. இன்சுலின் போட்டால் கண் போகும் என்ற பயமும் பரவலாக உண்டு. மிகவும் தாமதமாக இன்சுலின் தொடங்கிய உறவினர்களைப் பார்த்து வந்த பயம் அது.

முன்நிலை என்று வந்தால் அடுத்து என்ன?

2002இல் வெளியான பெரிய தடுப்பு ஆய்வில், 7 விழுக்காடு எடைக் குறைப்பையும் வாரம் 150 நிமிட நடையையும் இலக்காக வைத்தவர்களிடம் நோய் வருவது 58 விழுக்காடு குறைந்தது. மெட்ஃபார்மின் எனும் சர்க்கரை மாத்திரை கொடுத்தவர்களிடம் 31 விழுக்காடு. அதை வைத்து உருவான ஓராண்டு தேசியத் தடுப்புத் திட்டத்துக்கு ‘ப்ரெவெங்கா எல் தெ தோஸ்’ என்ற ஸ்பானிஷ் பாடத்திட்டம் உண்டு. முதல் ஆறு மாதத்தில் குறைந்தது 16 வகுப்புகள். அவர்களின் அன்றாட ரொட்டியான சோளத் தோர்த்தியாவை நிறுத்தச் சொல்லும் உணவுத்தாளைக் கொடுக்காதீர்கள். எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள்.

முடிவு ஏன் பலரிடம் போய்ச் சேருவதில்லை?

ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர் இருக்கும். ‘கார்சியா லோபெஸ்’ என்பவரை முகாமில் கார்சியா என்றும் ஆய்வகத்தில் லோபெஸ் என்றும் பதிந்தால் ஒரே ஆள் இரண்டாகிவிடுவார். பிறந்த தேதியை அவர்கள் நம்மைப் போல நாள், மாதம், ஆண்டு என்று எழுதுவார்கள். அமெரிக்கக் கணினி மாதத்தை முதலில் வாங்கும். 05/08 எந்த மாதம் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கைபேசி எண் அடிக்கடி மாறும், தெரியாத எண்ணை எடுக்க மாட்டார்கள். இரண்டாவதாக ஓர் உறவினர் எண் வாங்குங்கள். ‘இந்த எண்ணிலிருந்து செவ்வாய்க்கிழமை மாலை கூப்பிடுவோம்’ என்று சொல்லி அவர் கைபேசியிலேயே அந்த எண்ணைச் சேமித்துக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் நினைவூட்டல் அனுப்பலாம். முடிவை அனுப்பக் கூடாது.

நம் திட்டம் வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்?

எத்தனை விரல் குத்தினோம் என்று எண்ணாதீர்கள். நான்கு எண்களைப் பாருங்கள்: சோதித்தவர் எத்தனை பேர், முடிவை அவர் மொழியில் கேட்டுக்கொண்டவர் எத்தனை பேர், எண் கூடியிருந்தவர்களில் இரண்டாவது சோதனை முடித்தவர் எத்தனை பேர், அவர்களில் 90 நாளுக்குள் ஒரு மருத்துவரையோ தடுப்பு வகுப்பையோ எட்டியவர் எத்தனை பேர். முதல் எண்ணிலிருந்து நாலாவதுக்கு வரும்போது எங்கே சடாரென்று விழுகிறதோ, அடுத்த முகாமுக்கான பணத்தில் பாதியை அங்கே போடுங்கள். பெரும்பாலும் அது ஸ்பானிஷ் பேசும் ஒருவர் மாலை நேரத்தில் தொலைபேசியில் உட்காரும் சம்பளமாகத்தான் இருக்கும்.